முதலில் பிரா, பிறகுதான் பிளவுஸ்

கோடைக் கலியாணங்கள் தொடங்கிவிட்டால் நம் வீட்டு வாட்ஸ்அப் குழுக்கள் நிரம்பி வழியும். எந்தச் சாறி, ஊரில் யாரிடம் தைக்கக் கொடுப்பது, கழுத்து எவ்வளவு இறக்கம், பின்னால் கயிறு வைப்பதா வேண்டாமா என்று படத்துக்கு மேல் படம் வரும். அந்த பிளவுஸுக்குள் என்ன போடப் போகிறோம் என்ற கேள்வி மட்டும் வராது. கலியாணத்தன்று விடியற்காலை, சாறி கட்டிவிட வந்தவர் கையில் சேஃப்டி பின்னோடு நிற்கும்போதுதான் அது வரும். ஸ்ட்ராப் தெரியுது, கப்பின் விளிம்பு கழுத்துக்கு மேலே நிக்குது, குனிஞ்சா பயமாக் கிடக்கு. அவர் அங்கே ஒன்று இங்கே ஒன்று பின் குத்திவிட்டு, "வடிவா இருக்கு. ஆனா கையை மட்டும் தூக்காதேங்கோ" என்பார்.

கையைத் தூக்காமல் ஒரு கலியாண நாளை எப்படிக் கழிப்பது? அறுகரிசி போட வேண்டும், பிள்ளையைத் தூக்க வேண்டும், இரவு வரவேற்பில் ஆட வேண்டும்.

பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடியும்வரை வெளியே காத்திருக்கும் அம்மாமாரில் நானும் ஒருத்தி. அங்கே ஒருநாள் இந்தக் கதை வந்தது. ஒருத்தி இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு இறங்கின கழுத்து உடுப்பையே விட்டுவிட்டாள். "எனக்கு இனி அது சரிவராது" என்றாள். இன்னொருத்தி தோள்கள் இரண்டிலும் ஸ்ட்ராப் அழுத்திய பள்ளத்தைக் காட்டினாள். மூன்றாமவள் நன்றாக ஆடுவாள். இப்போது கலியாண வீடுகளில் கதிரையை விட்டு எழும்புவதில்லை. மூவருக்கும் நாற்பது வயது ஆகவில்லை. மூவரும் தங்கள் உடம்பில்தான் குறை என்று நினைத்திருந்தார்கள். பேசப் பேசத்தான் தெரிந்தது, கடைசியாக அளவு பார்த்து பிரா வாங்கியது எப்போது என்று ஒருத்திக்கும் நினைவில்லை.

இறங்கின கழுத்துக்கும் நல்ல சப்போர்ட்டுக்கும் பகை இல்லை. நாம் செய்யும் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. பிளவுஸைத் தைத்துவிட்டு அதற்குள் ஒளியக்கூடிய பிராவைத் தேடுகிறோம். முதலில் தாங்கிப் பிடிக்கும் பிராவை வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு பிளவுஸுக்கு அளவெடுத்தால் பாதிப் பிரச்சினை தையல்காரரிடம் போவதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

இறங்கின கழுத்துக்காகவே பிறந்தது

இதில் வேடிக்கை என்னவென்றால், இன்றைய பிரா பிறந்ததே இறங்கின கழுத்து உடுப்புக்காகத்தான். 1910-இல் நியூயோர்க்கில் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற 19 வயதுப் பெண் ஒரு நடன விருந்துக்கு உடுத்தினார். கவுனின் கழுத்து வழியாக உள்ளே போட்ட கார்செட் துருத்திக்கொண்டு தெரிந்தது. கார்செட்டைக் கழற்றிவிட்டு, இரண்டு பட்டுக் கைக்குட்டைகளையும் ரிப்பனையும் பணிப்பெண்ணின் உதவியோடு தைத்துப் போட்டுக்கொண்டு போனார். 1914 நவம்பர் 3-ஆம் திகதி அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பிறகு அதை 1,500 டொலருக்கு ஒரு கார்செட் கம்பனிக்கு விற்றுவிட்டார்.

இன்று கடைகளில் 'பிளஞ்ச்' என்று விற்கும், நடுவில் நன்றாக இறங்கிய பிராவுக்குக் கனடாவோடு தொடர்பு உண்டு. அதில் மிகப் பெயர் பெற்ற வொண்டர்பிரா மாதிரியை 1964-இல் அங்கே வடிவமைத்தவர் லூயிஸ் புவாரியே என்ற பெண். ஆக, "கழுத்து இறங்கினால் ஒன்றும் போட முடியாது" என்று நம் மாமிமார் சொல்லும் பிரச்சினைக்கு நூறு வருடத்துக்கு மேலாகப் பெண்கள் விடை கண்டுபிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தாங்குவது ஸ்ட்ராப் இல்லை, பட்டி

மார்பகத்துக்குள் தன்னைத் தானே தூக்கிப் பிடிக்கும் தசை கிடையாது. கொழுப்பும் பால் சுரப்பிகளும் மெல்லிய இணைப்பு இழைகளும்தான் இருக்கின்றன. எனவே வெளியிலிருந்து ஒன்று தாங்க வேண்டும். அந்த வேலையில் பெரும்பங்கைச் செய்வது மார்புக்குக் கீழே உடம்பைச் சுற்றி வரும் பட்டி. ஸ்ட்ராப் கப்பை உடம்போடு ஒட்டி வைக்கத்தான் இருக்கிறது. பட்டி தளர்ந்தால் பாரம் முழுவதும் ஸ்ட்ராப்புக்குப் போகும். தோளில் பள்ளம் விழுவதும், கழுத்தும் மேல் முதுகும் வலிப்பதும் பெரும்பாலும் அதனால்தான்.

இது புரிந்துவிட்டால் இறங்கின கழுத்தைப் பற்றிய பயம் பாதி போய்விடும். பட்டி கீழே இருக்கிறது. கழுத்து மேலே இறங்குகிறது. முன்பக்கம் கழுத்தை ஒரு நல்ல அளவு இறக்கினாலும் பட்டிக்கு ஒன்றும் ஆகாது. முதுகுப் பக்கம் கதை வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

டேப்பை எடுங்கள்

வீட்டில் தையல் டேப் இருந்தால் இரண்டே அளவு போதும். மார்புக்குக் கீழே, டேப் முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்க, மூச்சை விட்டுவிட்டு இறுக்கமாக ஒரு அளவு. பிறகு மார்பின் மிக நிறைந்த இடத்தில், இறுக்காமல் ஒரு அளவு. பிள்ளை பெற்று மார்பு தளர்ந்திருந்தால், இரண்டாவதைக் கொஞ்சம் முன்னால் குனிந்து எடுத்தால் சரியாக வரும்.

இங்கேதான் ஒரு பழைய கணக்கு நம்மைக் குழப்பும். கீழ் அளவோடு 4 அங்குலம் கூட்டி அதைப் பட்டி அளவாக எடுக்கச் சொல்வார்கள். ஒரு உதாரணம் பாருங்கள். கீழ் அளவு 32 அங்குலம், மேல் அளவு 37. பழைய கணக்கில் 32-உம் 4-உம் 36. மேல் அளவோடு வித்தியாசம் 1 அங்குலம். ஆகவே 36 ஏ. கூட்டாமல் பார்த்தால் பட்டி 32, வித்தியாசம் 5 அங்குலம். பிரிட்டிஷ் அளவில் 32 டபுள் டி. ஒரே பெண், ஒரே உடம்பு. முதலாவதைப் போட்டால் பட்டி முதுகில் ஏறும், கப் போதாமல் மேலால் பிதுங்கும். அதைப் போட்டுக்கொண்டு இறங்கின கழுத்தில் நின்றால் எந்தப் பின்னாலும் காப்பாற்ற முடியாது.

பிரிட்டிஷ் கணக்கில் ஒரு அங்குல வித்தியாசம் ஏ, 2 பி, 3 சி, 4 டி, 5 டபுள் டி, 6 இ, 7 எஃப். டபுள் டி என்றதும் "ஐயோ, அவ்வளவு பெரிசா?" என்று நம்மில் பலர் வெட்கப்படுவோம். எழுத்துக்குத் தனியாக அர்த்தமே இல்லை. அது பட்டியோடு சேர்ந்ததுதான். 30 டி, 32 சி, 34 பி, 36 ஏ நான்கின் கப்பும் கிட்டத்தட்ட ஒரே கொள்ளளவு. பட்டி கொஞ்சம் இறுக்கம், கப் சரி என்றால் ஒரு பட்டி ஏறி ஒரு எழுத்து இறங்குங்கள். 32 டபுள் டிக்குப் பதில் 34 டி.

டேப் ஒரு தொடக்கம் மட்டும்தான். முடிவைச் சொல்வது கண்ணாடி. போட்டுப் பார்க்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

- புது பிராவைக் கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்ந்ததில், போட்டாலே பட்டி பிடிக்க வேண்டும். எலாஸ்டிக் நாளாக நாளாக இழுபடும்போது உள்கொக்கிகளுக்குப் போகலாம்.
- பட்டி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். முதுகில் மேலே ஏறினால் பெரிது. உள்ளே இரண்டு விரல் நுழைந்தால் போதும்.
- போட்டதும் முன்னால் குனிந்து, பக்கத்திலிருந்து கையால் முழு மார்பையும் கப்புக்குள் சேர்த்து எடுங்கள். கம்பி மார்பைச் சுற்றிப் படிய வேண்டும், மார்பின் மேல் ஏறக்கூடாது.
- இரண்டு கப்பையும் இணைக்கும் நடுத்துண்டு நெஞ்செலும்பைத் தொட்டு நிற்க வேண்டும். விலகி நின்றால் கப் சிறிது.
- இரண்டு ஸ்ட்ராப்பையும் தோளிலிருந்து இறக்கிவிடுங்கள். பட்டி அசையாமல் நின்றால் நல்லது. எல்லாம் சேர்ந்து கீழே வந்தால் பட்டி பெரிது.

தானே அளவெடுக்கச் சிரமமாக இருந்தால் கடையில் கேளுங்கள். பிரிட்டனில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரில் இலவசமாக அளவு பார்ப்பார்கள். 1995-இல் தொடங்கிய பிரவிசிமோ, டி கப்பும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கென்றே இருக்கும் கடை. வேறு நாடுகளிலும் பெரிய கடைகளின் உள்ளாடைப் பகுதியில் கேட்டால் உதவுவார்கள். அந்நியர் முன்னால் சட்டையைக் கழற்றக் கூச்சமாக இருந்தால், மெல்லிய பெனியனோடு அளவெடுக்க முடியுமா என்று முதலிலேயே கேட்கலாம்.

நாடு மாறினால் இலக்கமும் மாறும்

நம் குடும்பங்கள் நாலைந்து நாடுகளில் சிதறிக் கிடக்கின்றன. பாரிஸ் சித்தி வாங்கி அனுப்புவா, ரொறொன்ரோ மச்சாள் சேலில் எடுத்து வருவா. இலக்கம் ஒன்றாக இராது. மேலே சொன்ன அதே அளவை எடுத்துக்கொண்டால்:

- பிரிட்டன்: 32 டபுள் டி
- கனடா, அமெரிக்கா: 32 டபுள் டி (அதற்கு மேலே போனால் பிரிட்டனின் இ இங்கே ட்ரிபிள் டி அல்லது எஃப் ஆகிவிடும்)
- ஜெர்மனி, நோர்வே, டென்மார்க்: 70 இ
- பிரான்ஸ்: 85 இ
- அவுஸ்திரேலியா: 10 டபுள் டி

இந்தியாவில் பட்டி இலக்கம் பிரிட்டனைப் போலத்தான். ஆனால் ஊரில் கடைக்குப் போய் "34 ஒண்டு தாங்கோ" என்று இலக்கத்தை மட்டும் சொல்லி வாங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. எழுத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கழுத்து இறங்க இறங்க, இலக்கத்தை விட எழுத்துத்தான் உங்களைக் காப்பாற்றும்.

எந்தக் கழுத்துக்கு எது

வி கழுத்து, இலைக் கழுத்து மாதிரி நடுவில் ஆழமாக இறங்குவதற்கு பிளஞ்ச். இரண்டு கப்புக்கும் இடையிலுள்ள துண்டு தாழ்வாக இருக்கும், கப்பின் உள்விளிம்பு சரிந்து போகும். நல்ல பிளஞ்சிலும் நடுத்துண்டு நெஞ்சைத் தொட வேண்டும். பாலூட்டிய பிறகு மார்பு மென்மையாகிவிட்டவர்களுக்குக் குனியும்போது நடுப்பக்கமாக நழுவலாம். கடையிலேயே குனிந்து பாருங்கள்.

சதுரக் கழுத்து, பானைக் கழுத்து, ஸ்வீட்ஹார்ட் கழுத்து மாதிரி அகலமாக இறங்குவதற்கு பால்கனெட். கப்பின் மேல்விளிம்பு ஏறக்குறைய நேராக வெட்டியிருக்கும், ஸ்ட்ராப் தோளின் ஓரமாகப் போகும். கீழிருந்து தூக்கும். தோள் சரிந்தவர்களுக்கு ஸ்ட்ராப் நழுவும். அப்போது பின்னால் இரண்டு ஸ்ட்ராப்பையும் சேர்க்கும் சின்னக் கிளிப் உதவும்.

மார்பு நிறைந்தவர்கள் இரண்டிலுமே தையல் போட்ட கப்பை முதலில் பார்க்க வேண்டும். நாம் பொதுவாகத் தையல் இல்லாத, ஸ்பொஞ்ச் வைத்த வழுவழுப்பான கப்பைத்தான் எடுப்போம். உருவத்தைக் காட்டுவதில் அது கெட்டி. தூக்கிப் பிடிப்பதில், மூன்று துண்டாகத் தைத்து, பக்கவாட்டில் இன்னொரு துண்டு வைத்த கப் அதை வென்றுவிடும். தையல் வெளியே தெரியுமே என்று கவலையா? லைனிங் வைத்த காஞ்சிபுரம் பட்டு பிளவுஸில் ஒன்றும் தெரியாது. ஜோர்ஜெட், கிரேப் மாதிரி ஒட்டும் துணிக்கு மட்டும் வழுவழுப்பான கப்.

ஸ்ட்ராப்லெஸ் வேண்டுமென்றால் லாங்லைன் பாருங்கள். அதன் பட்டி விலா வரை இறங்கும், பக்கத்தில் மெல்லிய கம்பிகள் இருக்கும். ஸ்ட்ராப் இல்லாத இடத்தில் பட்டிதான் எல்லாம். ஆகவே வழக்கமான பட்டியை விட ஒரு அளவு இறுக்கமாக எடுத்துப் போட்டுப் பார்ப்பதும் நல்லது.

ஒட்டும் சிலிக்கன் கப் சப்போர்ட் இல்லை. அது மறைக்கும், கொஞ்சம் சேர்த்துக் காட்டும். சின்ன மார்புக்கு, இரண்டு மணி நேர விருந்துக்குச் சரி. கோடையில், ஓமப்புகைக்குப் பக்கத்தில், வியர்த்தால் கழன்றுவிடும். தோல் அரிக்கும்.

நிறத்தைப் பற்றி ஒன்று. வெளிர் பிளவுஸுக்குள் வெள்ளை பிராதான் போட வேண்டும் என்று பழகிவிட்டோம். வெள்ளைக்குள் வெள்ளை பளிச்சென்று தெரியும். உங்கள் தோலின் நிறத்துக்குக் கிட்டவான நிறம்தான் மறையும். கடைகளில் 'நியூட்' என்று எழுதியிருந்தது நெடுநாளாக வெள்ளைக்காரரின் தோல் நிறம். 2014-இல் லண்டனில் அடே ஹசன் தொடங்கிய நூபியன் ஸ்கின் போன்ற பிராண்டுகள் பழுப்பின் பல சாயல்களையும் கொண்டுவந்தன. இப்போது பெரிய கடைகளிலும் நமக்கேற்ற பழுப்பு கிடைக்கிறது. தேடி எடுங்கள்.

முதுகு இறங்கினால்

முன்கழுத்து இறங்குவது சுலபம் என்றேன். முதுகு அப்படியில்லை. பட்டி அங்கேதான் இருக்கிறது. முதுகு முழுக்கத் திறந்து கயிறு மட்டும் கட்டும் பிளவுஸில், நிறைந்த மார்புக்கு முழு சப்போர்ட் கிடைக்காது. அதை ஒப்புக்கொண்டு நடுவழி தேடுவதுதான் நல்லது.

முதல் வழி, பின்கழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்குங்கள், ஆனால் கீழே பிளவுஸின் பட்டித் துண்டை உங்கள் பிராப் பட்டியை விட அகலமாக வையுங்கள். பிராப் பட்டி 2 அங்குலம் என்றால் பிளவுஸ் பட்டி இரண்டரை. பார்ப்பவர்களுக்கு முதுகு திறந்துதான் தெரியும், பட்டியோ பத்திரமாக மறைந்திருக்கும். இரண்டாவது, பிராப் பட்டியைத் தாழ்த்தும் ஒரு நீண்ட எலாஸ்டிக். பின்கொக்கியில் மாட்டி இடுப்பைச் சுற்றி முன்னால் கட்டுவது. இரண்டு மூன்று அங்குலம் இடம் தரும், ஆனால் பிடிப்புக் கொஞ்சம் குறையும். மூன்றாவது, பிளவுஸையே பிராவாகத் தைப்பது. உள்ளே தனிப் பட்டி, பக்கத்தில் கம்பி, கப் எல்லாம் வைத்து. இதற்குக் கைதேர்ந்தவர் வேண்டும், நேரில் இரண்டு முறையாவது போட்டுப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அளவனுப்பிச் செய்யக்கூடிய வேலை இல்லை.

"பேட் வச்ச பிளவுஸ் தானே, பிரா எதுக்கு?" என்று பலரும் கேட்பார்கள். பிளவுஸில் தைத்த பேட் வடிவத்தைத் தரும். இறுக்கமான உள்பட்டி இல்லாமல் அது எதையும் தாங்காது. பிரா போடுவதென்றால் பேட் வேண்டாம் என்று தையல்காரரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் துருத்தும்.

தையல்காரருக்கு என்ன அனுப்புவது

ஊருக்கு ஒரு பழைய 'அளவு பிளவுஸ்' அனுப்புவதுதான் நம் வழக்கம். அது அன்று நீங்கள் போட்ட பிராவின் வடிவத்தைத்தான் சுமந்துகொண்டு போகும். நல்ல பிரா மார்பை ஒரு அங்குலம், சிலருக்கு அதற்கும் மேலே தூக்கும். முன்னால் பிடிக்கும் டாட்டின் முனை அந்த ஒரு அங்குலம் கீழே நின்றால் மேலே துணி சுருங்கும், கீழே இறுகும், கழுத்து முன்னால் வாய் பிளந்து நிற்கும். துணி, தையல், கூலி எல்லாம் வீண்.

ஆகவே, கலியாணத்துக்குப் போடப்போகும் பிராவைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் இந்த அளவுகளை எடுத்து அனுப்புங்கள்:

- கழுத்தடியில், தோளின் மேல்புள்ளியிலிருந்து பிராவின் நடுத்துண்டின் மேல்விளிம்புவரை. அது எட்டரை அங்குலம் என்றால் முன்கழுத்து இறக்கம் 8-க்கு மேல் போகக்கூடாது. சதுர, அகலக் கழுத்துக்குக் கப்பின் மேல்விளிம்புவரையும் அளந்து, எது குறைவோ அதை எடுங்கள்.
- அதே புள்ளியிலிருந்து மார்பின் முனைவரை, பிறகு ஒரு முனையிலிருந்து மறு முனைவரை.
- கழுத்தடியிலிருந்து ஸ்ட்ராப் போகும் இடம்வரை உள்ள தூரம். பிளவுஸின் தோள் துண்டு அந்த ஸ்ட்ராப்பை மூட வேண்டும்.
- பிராப் பட்டியின் அகலம்.
- இரண்டு தோளின் உள்பக்கமும் ஸ்ட்ராப்பைப் பிடித்து வைக்கச் சின்ன நாடாவும் அமத்துகிற பொத்தானும். சின்ன வேலைதான், ஆனால் விடிகாலைச் சேஃப்டி பின்னுக்கு விடுதலை.
- பக்கத் தையலுக்குள் ஒரு அங்குலம் துணி மிச்சம். பிறகு பெருப்பிக்கலாம்.

பிளவுஸ் வந்ததும் கலியாணத்துக்கு இரண்டு கிழமை முன்பே பிராவோடும் சாறியோடும் போட்டுப் பாருங்கள். கையைத் தூக்குங்கள். காலில் விழுந்து கும்பிடுவது போலக் குனியுங்கள். பிள்ளையைத் தூக்குங்கள். ஒரு பாட்டுக்கு ஆடுங்கள். இவ்வளவுக்கும் ஒன்றும் நகராவிட்டால் அன்றைக்கு நீங்கள் கழுத்தை நினைக்கவே மாட்டீர்கள்.

மாமிமார் சொல்வது

"உள்ளுக்க போடுறதுக்கு ஏன் பிள்ளை உவ்வளவு காசு?" என்பது என் மாமியின் கேள்வி. சாறிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று அவவுக்குத் தெரியும். அதை வருடத்தில் ஒரு நாள் உடுப்போம், பிராவைக் கிழமைக்குக் கிழமை போடுவோம். கையால் கழுவி, டிரையரில் போடாமல் காயவிட்டு, ஒன்றையே தினமும் போடாமல் மாற்றி மாற்றிப் போட்டால் எலாஸ்டிக்கும் நாளாகத் தாங்கும்.

"கம்பி வச்சது போட்டா கான்சர் வரும்" என்பது இன்னொன்று. 2014-இல் அமெரிக்காவில் சியாட்டிலின் ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம் மாதவிடாய் நின்ற பெண்களிடம் இதை ஆராய்ந்தது. கம்பி வைத்த பிரா, எத்தனை மணி நேரம் போடுகிறார்கள், எந்த வயதில் தொடங்கினார்கள் என்பவற்றுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. கம்பி குத்தினால் அளவு பிழை, அவ்வளவுதான். ஆனால் கட்டி, தோலில் சுருக்கம், காம்பில் மாற்றம் எதையாவது கண்டால் பிராவைக் குற்றம் சொல்லிக்கொண்டிராமல் உடனே டொக்டரிடம் போங்கள்.

பாலூட்டும் காலத்தில்

கைக்குழந்தையோடு கலியாணத்துக்குப் போகிறவர்கள் இந்த ஒரு வருடம் கழுத்தை விட வசதியைப் பாருங்கள். மார்பின் அளவு காலைக்கும் மாலைக்குமே மாறும். இறுக்கிப் பிடிக்கும் பட்டியும் அழுத்தும் கம்பியும் பால் கட்டிக்கொள்ள இடம் கொடுக்கலாம். கப்பைக் கீழே இறக்கும் பாலூட்டும் பிராவும், முன்னால் கொக்கி வைத்த, கொஞ்சம் தாராளமாகத் தைத்த பிளவுஸும் போதும். இந்தச் சமயத்தில் எடுத்த அளவை நம்பி அடுத்த வருடத்துக்குத் தைக்கக் கொடுக்காதீர்கள். பால் மறந்து சில மாதம் கழித்து மறுபடி டேப்பை எடுங்கள். எனக்கு இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகும் பட்டியும் மாறியது, எழுத்தும் மாறியது. அது உடம்பு தன் வேலையைச் செய்ததன் கணக்கு.

கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள்

பிளவுஸ் போட்டுப் பார்க்கும்போது நாம் கண்ணாடிக்குச் சொல்வதெல்லாம் பக்கத்து அறையில் கேட்கும். "ஐயோ, எனக்கு இதெல்லாம் வடிவில்லை", "எல்லாம் தொங்கிப் போச்சு". இதைக் கேட்டு வளரும் மகள், தன் உடம்பு மாறத் தொடங்கும்போது அதே வார்த்தைகளைத்தான் எடுத்துப் போடுவாள். தோளை ஒடுக்கி, கூனி நடப்பாள். பிரிட்டனில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகம் 11 முதல் 18 வயதுவரையான 2,000-க்கும் மேற்பட்ட மாணவியரிடம் கேட்டு 2016-இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. தங்கள் மார்பு பள்ளிக்கூட விளையாட்டில் சேர்வதைப் பாதிக்கிறது என்று கிட்டத்தட்டப் பாதிப் பேர் சொன்னார்கள்.

நம் அம்மாமார் இதைப் பற்றி நம்மோடு கதைக்கவில்லை. அவர்களோடும் யாரும் கதைக்கவில்லை. நாம் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மகளுக்கு வசதியான, கம்பி இல்லாத பிரா வாங்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு, அவள் விரும்பினால் மட்டும் கூட நின்று, அளவைச் செருப்பு அளவு போலச் சாதாரணமாகச் சொன்னால் போதும். உடுப்பில் எது தனக்கு வசதி என்று அவள் சொல்லட்டும். மாமிமாருக்கு முன்னால் அந்தக் கதை வேண்டாம். அப்பாமாருக்கும் ஒரு வேலை உண்டு: கடைக்குப் போகும் அந்த ஒரு மணி நேரம் சின்னவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், பில்லைப் பார்த்துப் பகிடி பண்ணாதீர்கள்.

தோளில் பள்ளம் காட்டிய என் சிநேகிதி பட்டியை இரண்டு அளவு குறைத்து, கப்பை மூன்று எழுத்துக் கூட்டி வாங்கினாள். பிறகுதான் பிளவுஸுக்கு அளவு கொடுத்தாள்: வி கழுத்து, முன்னால் ஏழரை இறக்கம், பின்பட்டி மூன்று அங்குலம். பின் ஒன்றும் குத்தவில்லை. அடுத்த கலியாணத்துக்கு நாள் குறித்தாயிற்று என்றால், சாறி தேடுவதற்கு முன் டேப்பைத் தேடுங்கள்.